பட்டாளச் சுவர்

புயல் வந்து தென்னைகளையும் பலாக்களையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போனபின் நிழல் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாத செம்பொட்டலில், வள்ளிக்கண்ணுவின் வீட்டு வாசலை ஒட்டி, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஒற்றைச் சுவர் ஒன்று நின்றது. இரண்டு ஆள் உயரம், ஒரு கட்டில் அகலம், கீழே கால் பரப்பி மேலே ஒடுங்கிய சாம்பல்நிறக் கான்கிரீட் பாளம். கொண்டுவந்த லாரியின் தடம் இல்லை, இறக்கிய கிரேனின் சத்தத்தை யாரும் கேட்கவில்லை. சாணித் தண்ணீரோடு வாசலுக்கு வந்த வள்ளிக்கண்ணு அதைச் சுற்றித் தெளித்து, அதைச் சுற்றியே கோலத்தையும் வளைத்துப் போட்டு முடித்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு அந்தச் சுவரை முன்பே தெரியும்.

அவள் புருஷன் காத்தமுத்து தினமும் மத்தியானம் ஆப்கானிஸ்தானிலிருந்து போனில் முகம் காட்டிப் பேசும்போது அவன் தலைக்குப் பின்னால் வரிசையாக நிற்கும் சுவர்களில் ஒன்று அது. இறக்கை விரித்த கழுகு ஒன்றை அதில் யாரோ வரைந்திருந்தார்கள். துபாயில் ஓட்டல் வேலை என்று கூட்டிப்போன ஏஜெண்டு அவனை அங்கே தங்கவைத்து, பிறகு வேறொரு விமானத்தில் ஏற்றிவிட, இறங்கிய இடத்தில் சுற்றிலும் மொட்டை மலை, மலைக்கு முன்னால் சுவர், சுவருக்குள்ளே அமெரிக்கப் பட்டாளம். பாஸ்போர்ட்டைக் கம்பெனிக்காரன் வாங்கி வைத்துக்கொண்டான். பட்டாளத்துச் சமையல்கூடத்தில் ஆம்லெட் போடுவது காத்தமுத்துவின் வேலை. சண்டை தொடங்கிய வருடம் பிறந்த பையன்கள் இப்போது சண்டைக்கு வந்து தட்டை நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள் என்றும், அதில் ஒருவனுடைய அப்பாவும் பதினெட்டு வயதில் இதே இடத்தில் இதே வரிசையில் நின்றவராம் என்றும், இரண்டு பேருமே வெங்காயம் சேர்க்கமாட்டார்களாம் என்றும் அவன் சொல்லியிருக்கிறான்.

முந்தின நாள் பேசியபோது, வேலியைப் புயல் கொண்டுபோனதிலிருந்து ரோட்டில் போகிறவர்களெல்லாம் அடுப்படி வரைக்கும் பார்க்கிறார்கள், சேலையைக் கட்டி மறைத்தால் காற்று தூக்குகிறது என்று வள்ளிக்கண்ணு சொல்லியிருந்தாள். அவன் பின்னால் கையை விட்டுச் சுவரைத் தட்டி, இதில் ஒன்று உனக்கு இருந்தால் போதும் என்றான். இரண்டு பேரும் சிரித்தார்கள். நடந்தது அவ்வளவுதான்.

ஊர் வந்து பார்த்தது. அடுத்த வீட்டிலிருந்து வந்த காத்தமுத்துவின் அக்கா பூவாயி, வெளிநாடு போன தம்பிகள் செண்டு பாட்டில் அனுப்புவார்கள், என் தம்பி சுவர் அனுப்பியிருக்கிறான் என்று சொல்லிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் தன் இரண்டு ஆடுகளைக் கொண்டுவந்து அதன் நிழலில் கட்டினாள். பத்து மணிக்கு அந்த நிழலில் தையல் மிஷின் ஒன்று வந்தது. மத்தியானம் நிழல் மறுபக்கம் திரும்பியபோது தையல் மிஷினும் ஆடுகளும் சீட்டுக்கட்டும் எழுந்து மறுபக்கம் போயின. கழுகைக் கருடன் என்று எடுத்துக்கொண்ட சிலர் சனிக்கிழமை அதற்குச் சூடம் காட்டினார்கள். கிராம நிர்வாக அலுவலர் டேப் பிடித்து அளந்துவிட்டு, கட்டிய சுவர் என்றால் ஒரு வழி உண்டு, இடிந்த சுவர் என்றாலும் ஒரு வழி உண்டு, தானாக வந்த சுவருக்குத் தன்னிடம் வழி கிடையாது என்று சொல்லி மோர் குடித்துவிட்டுப் போனார். ஒரு வாரத்தில் அது புயலுக்கு முன்பிருந்தே அங்கே நிற்பதுபோல ஆகிவிட்டது.

தேர்தல் வரப்போகிறது என்ற பேச்சு எழுந்த அன்றைக்கே குடைக் கட்சிக் கிளைச் செயலாளர் வெள்ளைச்சாமி சுண்ணாம்பு வாளியோடு வந்து கழுகின் மேல் இரண்டு பூச்சுப் பூசி, ‘இந்தச் சுவர் குடைக்கு’ என்று எழுதிவிட்டார். புயலில் ஊரின் நல்ல சுவர்கள் பாதி விழுந்திருந்தன. இவ்வளவு வழவழப்பான சுவர் தாலுகாவிலேயே இல்லை. செம்புக் கட்சிக் கலியமூர்த்தி ஒரு நாள் முழுக்க அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். அவருக்குப் பின்பக்கம் வேண்டாம். பின்பக்கச் சுவர் கட்சிக்கு மரியாதை இல்லை. கடைசியில், எதிலும் முதலில் இடம் பிடித்து வைத்துவிட வேண்டும் என்ற பழக்கத்தில், அந்தச் சுவருக்குத் தோளோடு தோளாக இரண்டு சவுக்குக் கம்பை நட்டு, நடுவே ஒரு வேட்டியைக் கட்டி, ‘இந்தச் சுவர் செம்புக்கு’ என்று அதில் எழுதிவைத்தார். இல்லாத சுவருக்கு முன்பதிவு செய்கிற ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறோம் என்று டீக்கடையில் சிரித்தார்கள். மறுநாள் காலையில் கம்புகள் ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தன, வேட்டி இருந்த இடத்தில் சுவர் இருந்தது.

அதன் பிறகு கேட்பதற்கு என்ன இருக்கிறது? வெள்ளைச்சாமி அதற்கடுத்த இடத்தில் வேட்டி கட்டினார், சுவர் வந்தது. கலியமூர்த்தி அதற்கடுத்துக் கட்டினார், சுவர் வந்தது. தனியாகக் கட்டிய இடத்தில் வரவில்லை, முந்தினதை ஒட்டிக் கட்டினால்தான் வந்தது. முதல் சுவர் வள்ளிக்கண்ணுவின் வாசலில் நின்றதால், குடையும் செம்பும் குடையும் செம்புமாக அந்த வரிசை அவள் வீட்டை ஓரம் பிடித்து வளைந்து, கொல்லைக்குப் போய், அடிபம்பைத் தாண்டி, மறுபடி வாசலை நோக்கித் திரும்பியது. வருவதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. பார்வையை எடுத்துத் திரும்ப வைப்பதற்குள் இருந்தது. ஒரே ஒரு தடவைதான் தாமதம். வேட்டி கட்டிய இடத்தில் பூவாயியின் பசு கன்று போடப் படுத்துவிட்டது. அது கிடந்த வரைக்கும் சுவர் வரவில்லை. கன்றை நக்கிவிட்டு எழுந்து இரண்டு எட்டு நகர்ந்தபின் வந்தது. உயிர் இருக்கிற இடத்தில் இறங்காது போல, பட்டாளத்துச் சாமான் என்றாலும் பண்பு தெரிந்த சாமான் என்று பூவாயி சொன்னாள்.

வெளியே ஊருக்கு நாள் முழுவதும் நிழல். நெல் காயவைக்க, எருமுட்டை தட்ட, பெண் பார்க்க வருகிறவர்களுக்கு நாற்காலி போட ஒரு இடம். உள்ளே வள்ளிக்கண்ணுவுக்குச் சூரியன் ஒன்பது மணிக்கு மேல்தான் உதித்தது, நாலு மணிக்கு முன்பே விழுந்தது. காற்று உள்ளே வரும் வழியை மறந்துவிட்டது. துவைத்த துணி இரண்டு நாளானாலும் ஈரம் மாறாமல் நாறியது. குழம்பு தாளித்தால் அந்த வாசனை மறுநாள் வரைக்கும் சுற்றிச் சுற்றி வந்தது. வெளியே பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார்கள் என்பது கேட்காது. வாசலுக்கு நேரே ஒரு கட்டில் அகலத்துக்கு மிஞ்சியிருந்த இடைவெளி வழியே ரோட்டின் ஒரு துண்டும், அதில் போகிற சைக்கிள் ஒன்றும் தெரிந்து மறையும். மறைப்பு வேண்டும் என்று கேட்ட வாயை அவள் நொந்துகொண்டாள்.

அதே மாதத்தில் ஒரு மத்தியானம், காத்தமுத்துவின் தலைக்குப் பின்னால் சுவர் இருக்க வேண்டிய இடத்தில் மலை தெரிந்தது. அங்கே சுவர்கள் காணாமல் போகின்றன என்று அவன் சொன்னான். பட்டாளத்தில் எது காணாமல் போனாலும் இன்னொரு பிரிவுக்காரன் தூக்கிக்கொண்டு போயிருப்பான் என்று எழுதி மூடிவிடுவார்களாம். மண்மூட்டை அடுக்குகிறோம் என்று சொல்லிப் பாதி அடுக்கி, அடுக்கிய பிரிவு ஊருக்குப் போய், வந்த பிரிவு எதற்கு இது என்று கேட்டுப் பிரித்துவிட்டதாம். வள்ளிக்கண்ணு போனை எடுத்துக்கொண்டு ஓடிப்போய்த் தன் வீட்டைச் சுற்றிய சுவர்களை அவனுக்கு ஒவ்வொன்றாகக் காட்டினாள். சுண்ணாம்புக்கு அடியில் மங்கலாகத் தெரிந்த மண்டையோட்டையும் ஈட்டியையும் நட்சத்திரத்தையும் அவன் அடையாளம் சொன்னான். நான்காம் நாள் மலையிலிருந்து வந்த ராக்கெட் ஒன்று அந்தத் திறப்பு வழியாக நுழைந்து, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த டில்பகதூர் என்கிற நேபாளத்துக்காரனைக் கொன்றது. காத்தமுத்து அவனுக்கு எட்டு அடி தள்ளி முட்டை உடைத்துக்கொண்டிருந்தான்.

வள்ளிக்கண்ணு இரண்டு கட்சிக்காரர்களையும் கூப்பிட்டுச் சொன்னாள். இங்கே ஒன்று வந்தால் அங்கே ஒன்று குறைகிறது என்று போனிலேயே காட்டினாள். அவர்கள் நம்பாமல் இல்லை. வெள்ளைச்சாமி துண்டால் முகத்தைத் துடைத்தபடி, “அமெரிக்காக்காரன்கிட்ட சுவருக்கா ஆத்தா பஞ்சம்? இத்தனை வருசமாச் சண்டை போடுறவன் நாலு சுவரு வாங்கமாட்டானா?” என்றார். அதற்குமேல் தனக்கு வேண்டாம் என்றும் பெருந்தன்மையாகச் சொன்னார்; அவர் ஒன்று முன்னால் இருந்தார். அதுதான் கலியமூர்த்திக்குச் சிக்கல். இடம் என்று மிஞ்சியிருந்தது அவள் வாசலின் இடைவெளி ஒன்றுதான். கட்சி ஆபீசிலிருந்து கேட்கிறார்கள், ஒன்று குறைவு என்று எழுதிக்கொடுக்க முடியாது, உனக்கு இரண்டு பக்கமும் நல்ல ஏணியாக நானே போட்டுத் தருகிறேன் தங்கச்சி என்று மெய்யான வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் போனவர், அவள் அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் இடைவெளியின் குறுக்கே வேட்டியைக் கட்டிவிட்டார்.

குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து வேட்டியைக் கிழித்துப் போட்டாலும் கட்டினது கட்டினதுதான், சுவர் வந்தே தீரும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பசு படுத்த இடத்தை நினைத்துக்கொண்டாள். இடைவெளியின் நடுவில், ஈரச் சேலையோடு, காலை மடக்கி உட்கார்ந்தாள்.

சமையல்கூடத்துக்குப் பின்னால் அப்போது மிஞ்சியிருந்தது ஒரே ஒரு சுவர். காத்தமுத்து அதன் அடியில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு மத்தியானம் அவன் பேசும்போது, சற்று முன்னால் இது ஒரு தடவை குலுங்கியது, வண்டியிலிருந்து மூட்டை நழுவப்போகிறது மாதிரி, பிறகு நின்றுவிட்டது என்றான். அவள் கால் மாற்றி உட்கார ஒரு நொடி எழுந்தாள். “இப்பவும்” என்றான். அவள் உட்கார்ந்தாள். நின்றுவிட்டது.

ஊர் இதையும் எடுத்துக்கொண்டது. முதலில் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு கலியமூர்த்தியே வந்து தலையைச் சொறிந்துகொண்டு, தெரியாமல் செய்துவிட்டேன் என்றார். பிறகு, வயலுக்கு மடைத் தண்ணீர் முறை வைப்பதைப்போல உட்காருவதற்கு முறை வைத்தார்கள். வள்ளிக்கண்ணு குளிக்கப் போனால் பூவாயி உட்கார்ந்தாள். அவள் ஆடு பார்க்கப் போனால் வேறொருத்தி புளி கொட்டை எடுக்கும் முறத்தோடு வந்து உட்கார்ந்தாள். ஒருத்தி எழுவதற்கு முன்னால் இன்னொருத்தி இடித்துக்கொண்டு உட்கார வேண்டும், நடுவில் பூமி காலியாகத் தெரியக்கூடாது. பெண்களெல்லாம் ஒரு சாவுக்குப் போன நாளில் வெள்ளைச்சாமி பேப்பரை விரித்துக்கொண்டு பொழுது சாயும்வரை அங்கே உட்கார்ந்து, செம்புக் கட்சிச் சுவரைக் குடைக் கட்சி தடுத்து நிறுத்தியது என்று பிற்பாடு மேடையில் பேசினார். தேர்தல் வந்தது, போனது. யார் ஜெயித்தால் என்ன, அந்தச் சுவர் இனி யாருக்கும் தேவைப்படவில்லை. ஆனாலும் அவள் அசைந்தால் அங்கே அது குலுங்கியது.

முன்பெல்லாம் காத்தமுத்து போனில் முதலில் கேட்பது, சாப்டியா என்பதுதான். இப்போது, உட்கார்ந்திருக்கியா என்று கேட்டான். இந்த மாசியில் விட்டுவிடுவார்கள், அமெரிக்காவில் முடிவு செய்துவிட்டார்களாம் என்பான். மாசி போய் ஆடி வரும். ஆடியில் முடிவை மாற்றிப் புதிய பட்டாளம் அனுப்பியிருப்பார்கள், புதிய பையன்கள் தட்டோடு வருவார்கள். ஒரு பெரியவன் போகிறேன் என்பான், இன்னொரு பெரியவன் போய்விட்டேன் என்று சொல்லிக்கொண்டே பத்தாயிரம் பேரை இறக்குவான். மாற்று ஆள் வராமல் பாஸ்போர்ட் கிடையாது என்று கம்பெனி சொல்லும். வேலை நேரம் போக மற்ற நேரமெல்லாம் அவன் அந்தச் சுவரடியிலேயே கிடந்தான். அங்கேயே சாப்பிட்டான், அங்கேயே தூங்கினான். இங்கே அவள் இடைவெளியில் சோறு தின்றாள், தலை வாரினாள், மழை பெய்தால் யூரியாச் சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டாள். கால் மரத்துப் போனது பழகிவிட்டது. ஒரு நாள் பூவாயி அவளுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே, என் தம்பி உன்னைக் கட்டிக்கொண்டதற்கு அந்தச் சுவரையே கட்டியிருக்கலாம் என்றாள். சிரிக்கவேண்டியதுதான், இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

அவன் ஒருபோதும் காலையில் கூப்பிட்டதில்லை. அன்று காலையில் கூப்பிட்டான். அடுப்பைப் பற்றவைத்து, முட்டையை அடுக்கி வைத்துக்கொண்டு நின்றானாம். முதல் தட்டை நீட்ட ஆள் வரவில்லையாம். போய்ப் பார்த்தால் கூடாரங்களில் விளக்கு எரிகிறது, டி.வி. ஓடுகிறது, ஒரு பட்டாளத்தான் இல்லை. இருட்டோடு இருட்டாக யாரிடமும் சொல்லாமல் விமானம் ஏறிவிட்டார்கள். இத்தனை வருடச் சண்டையை, கடையில் சாமான் வாங்க வந்தவன் போகிற மாதிரி விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். விமான ஓடுதளத்துக்கு அந்தக் கரையில் கம்பெனி ஆள் ஒருவன் பாஸ்போர்ட் பையோடு லாரியை வைத்துக்கொண்டு நிற்கிறான், வந்தவர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவான் என்று சொல்லி, கூட இருந்தவர்களெல்லாம் ஓடிப்போய் ஏறிவிட்டார்கள். பட்டாளத்து வாசல் பக்கம் துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது.

“நீங்க ஏன் போகல?” என்றாள்.

“சுவரு இங்கதான இருக்கு.”

அவன் முகம் மட்டும் தெரிந்தது. பின்னால் சாம்பல்நிறம். எவ்வளவு தூரம் ஓட வேண்டும் என்று கேட்டாள்.

“நம்ம வீட்லேருந்து கம்மாய்க்கரை இருக்கும். நடுவுல ஒண்ணுமில்ல வள்ளி. ஒரு செடிகூட இல்ல.”

“அவங்க போய்ச் சேந்துட்டாங்கல்ல?”

“சேந்துட்டாங்க. கையக் காட்டிக் கூப்பிடுறாங்க.” கொஞ்சம் மூச்சு வாங்கினான். “சத்தம் அடங்கட்டும். நீ எந்திரிக்காம இரு, அது போதும்.”

“லாரி போயிருச்சுன்னா?”

“சுவரு இருக்குல்ல” என்றான், குழந்தைக்குச் சொல்கிற மாதிரி.

வள்ளிக்கண்ணு போனைப் பார்த்தபடியே இருந்தாள். மொட்டை மலையும் துப்பாக்கியும் இருக்கும் ஊரில் கம்மாய்க்கரை தூரத்துக்குப் பயப்படுகிற ஆள் இல்லை அவன். பனையில் கயிறு இல்லாமல் ஏறியவன். முதுகுக்குப் பின்னால் ஒன்று இல்லாமல் நிற்பது எப்படி என்பது அவனுக்கு மறந்துபோயிருந்தது. மறக்கும்படி அதை அந்த இடத்தில் நிறுத்தி வைத்திருந்தது யார் என்று அவள் யோசித்தாள். மரத்துப்போன காலைக் கையால் பிடித்து நீட்டினாள்.

“நான் எந்திரிக்கப் போறேன்” என்றாள்.

அவன் கத்தவில்லை. “வள்ளி” என்று மட்டும் சொன்னான்.

முறைக்கு வந்து பக்கத்தில் நின்றுகொண்டிருந்த பூவாயிக்கு எல்லாம் கேட்டுவிட்டது. கையிலிருந்த முறத்தை எறிந்துவிட்டு, இடித்துத் தள்ளிக்கொண்டு உட்காரக் குனிந்தாள். வள்ளிக்கண்ணு அவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

“என் தம்பியக் கொல்லப் பாக்குறியாடி?”

“உட்காராதீங்க அண்ணி. நாம உட்கார்ந்திருக்கிற வரைக்கும் அவரு எந்திரிக்கமாட்டாரு.”

பூவாயியின் முகம் கோணியது. அவள் வள்ளிக்கண்ணுவின் கையைக் கடித்தாள், கெட்ட வார்த்தை சொன்னாள், பிறகு அந்தக் கையையே பிடித்துக்கொண்டு நின்றாள். வள்ளிக்கண்ணு அவளை ரோட்டுப் பக்கம் தள்ளினாள். தள்ளிய வேகத்தில் தான் உள்பக்கம் விழுந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில், தேய்ந்து வழவழத்துப்போயிருந்த பூமி ஒரு கட்டில் அகலத்துக்குக் காலியாகக் கிடந்தது. அவள் கண்ணை இமைத்தாள்.

சுவர் இருந்தது.

ரோட்டின் துண்டு போயிற்று, பூவாயியின் குரல் பாதியில் போயிற்று. சுற்றிலும் சாம்பல்நிறம், மேலே ஒரு வட்ட வானம். எழுந்து நிற்க முடியாமல் தவழ்ந்து அதனிடம் போனாள். அதன் அடிப்பக்கத்தில், உட்கார்ந்த ஆளின் தலை உயரத்தில், கருத்து மினுங்கும் ஒரு எண்ணெய்க் கறை இருந்தது, வீட்டில் அவன் சாய்ந்து உட்காரும் சுவரில் இருப்பதைப்போலவே. தொட்டாள். சூடு இருந்தது. அதற்குக் கீழே முதுகு உராய்ந்து உராய்ந்து வழித்த பள்ளம்.

அழைப்பு இன்னும் அறுந்திருக்கவில்லை. திரையில் அவன் முகம் இல்லை, மலை இல்லை. முதலில் வெறும் ஆகாயம் வெகுநேரம் அசையாமல் இருந்தது. அவள் மூச்சு விடாமல் பார்த்தாள். பிறகு ஆகாயம் தலைகீழாகப் புரண்டது. புரண்டு, பழுப்பு நிறத்தில் நிலம் வந்தது. நிலம் குதித்தது, சாய்ந்தது, மறுபடி குதித்தது. யாரோ கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, அந்தக் கையில் போன் இருப்பதை மறந்து போகிற போக்கு. சத்தம் எதுவோ கேட்டது, செருப்பா துப்பாக்கியா தெரியவில்லை.

அவள் பேரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் நின்று திரும்பிப் பார்ப்பான். எண்ணெய்க் கறையில் நெற்றியை வைத்துக்கொண்டு, திரையை முகத்தருகே பிடித்து, உதடு மட்டும் அசைய, ஓடுங்க, ஓடுங்க என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நிலம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.